ஆறு மைல் காணுதூரம் தரும் பொய்த் தைரியம்

விமானம் ஓட்டப் பழகுபவர்கள் செய்யும் தவறுகளில், எரிபொருள் அளவைப் பார்க்க மறப்பது, கதவைச் சரியாகத் தாழிடாதது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு வசவோடு திருந்திவிடும். சிறு விமானம் ஓட்டப் பழகிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த பெருந்தவறுகளை இன்றைய மாணவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கும்போதெல்லாம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1959 பிப்ரவரி 3 அன்று நடந்த விபத்தையே எடுத்துச் சொல்கிறேன். பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகியோரும் 21 வயது விமானி ரோஜர் பீட்டர்சனும் அதில் இறந்தனர்.

எண்களை நம்பித் தொடுவானத்தை மறப்பது

"காணுதூரம் 6 மைல், மேகம் 3,000 அடியில்; போகலாம் சார்" என்று இரவு நேரத்தில் ஒரு மாணவர் சொல்லும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த விமானம் புறப்பட்ட மேசன் சிட்டி விமான நிலையத்தில் அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் பதிவான எண்களும் அவையேதாம். கண்ணால் பார்த்துப் பறக்க விதி தடை சொல்லவில்லை. ஆனால் லேசான பனி பொழிந்துகொண்டிருந்தது, வானத்தை மேகம் மூடியிருந்தது, கீழே விளக்குகள் மிக அரிதான பண்ணை நிலம் கிடந்தது. பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் காணுதூரத்துக்குப் பொருள் உண்டு. பீட்டர்சனுக்கோ கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று இல்லை. 1958இல் அதற்கான தேர்வில் அவர் தோற்றிருந்தார்.

தொடுவானம் மறைந்தபின் உடல் சொல்வதை நம்ப முடியாது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் உட்காதிலுள்ள திரவம் சிறிது நேரத்தில் அந்தச் சுழற்சியோடு ஒன்றிவிடுவதால், திரும்பும் உணர்வே அற்றுப்போகிறது. கண்களை மூடச் சொல்லி விமானத்தை மெதுவாகச் சாய்த்தால், நேராகத்தான் போகிறோம் என்று மாணவர் உறுதியாகச் சொல்வார். கண்ணைத் திறந்ததும் என்னைக் குற்றம்சாட்டுவதுபோல் பார்ப்பார். உயரம் குறைவதைக் கண்டு பதறி மூக்கைத் தூக்க முயன்றால், சாய்ந்திருக்கும் விமானத்தின் சுழல் மேலும் இறுகும். இல்லினாய் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரும் வெளிக்காட்சி மறைந்தபின் கட்டுப்பாட்டை இழந்தனர்; சராசரியாக 178 நொடிகள் தாக்குப்பிடித்தனர். அயோவா விமானமும் வலப்புறம் மிகவும் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, மணிக்கு ஏறக்குறைய 170 மைல் வேகத்தில் தரையில் மோதியது.

பழகாத கருவியோடு இருளில் ஏறுவது

விபத்துக்குள்ளான பொனான்சா வகைச் சிறு விமானத்தில் இருந்த ஸ்பெரி நிறுவனக் கருவி, மூக்கின் ஏற்ற இறக்கத்தை வழக்கமான செயற்கைத் தொடுவானக் கருவிக்கு நேர் எதிராகக் காட்டுவது. இறங்கும்போது ஏறுவதாகப் பீட்டர்சன் எண்ணியிருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது.

வானிலை அறிக்கையைப் பாதி கேட்பது

வழித்தடத்துக்கான அவசர வானிலை எச்சரிக்கைகள் பீட்டர்சனுக்குச் சொல்லப்படவில்லை. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பயணியின் அவசரத்தைச் சுமப்பது

பாடகர்களின் பயணப் பேருந்தில் சூடேற்றி பழுதாகியிருந்தது; அதனால்தான் விமானத்தை நாடினர். அது விமானியின் கவலை அன்று.

திரும்பிவிடலாம் என்று புறப்படுவது

விமானம் விழுந்த இடம் நிலையத்திலிருந்து 6 மைலுக்கும் குறைவு. திரும்பும் வளைவையும் கருவிகளைப் பார்த்தே எடுக்க வேண்டும். அது பழகாதவர் அத்தகைய இரவில் ஓடுபாதைப் பக்கமே போக வேண்டாம்.