புற்றுநோய்ப் பரிசோதனையிலும் சிகிச்சையிலும் வலியைச் சொல்லுங்கள்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் அவசரப் பரிந்துரை அனுப்பினால், நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனப்படும் அரச சுகாதார சேவை வைத்திருக்கும் இலக்கு. அந்த நாட்களில் ஸ்கேன், கேமராப் பரிசோதனை, உடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிவு என்னவாக இருக்குமோ என்ற பயத்தில், அந்தப் பரிசோதனை வலிக்குமா, வலித்தால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்க நம்மவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. இங்கே வலி தணிப்பு பெரும்பாலும் நோயாளியின் தெரிவாக வைக்கப்பட்டிருக்கிறது. கேட்காமல் இருப்பவருக்கு அது தேவைப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த நாட்டுச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. லனார்க்‌ஷயர் சுகாதார வாரியத்துக்கு எதிரான மொன்ட்கொமரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஒரு சிகிச்சையின் முக்கியமான ஆபத்துகளையும் அதற்குப் பதிலாகச் செய்யக்கூடிய நியாயமான மாற்று வழிகளையும் மருத்துவர் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆகவே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் “வலிக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?” என்று கேட்பது நீங்கள் அவரிடம் வேண்டும் சலுகை அல்ல.

கேட்பதற்குரிய நேரம், அழைப்புக் கடிதம் கைக்கு வந்த நாள். பரிசோதனை மேசையில் படுத்தபின் கேட்டால், அந்த அறையில் இருப்பதை மட்டுமே தர முடியும். மயக்க மருந்து கொடுக்க வேண்டுமானால் அதற்கான ஆட்களும் வேறு அறையும் வேறு நாளும் தேவைப்படலாம். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு, எதுவும் இல்லாமல் செய்வது, பிரசவ வார்டில் மூச்சில் இழுக்கக் கொடுக்கும் அதே வலி தணிக்கும் வாயுவான கேஸ் அண்ட் எயார், செடேஷன் எனப்படும் அரைமயக்க ஊசி ஆகியவை வழக்கமான தெரிவுகள். அரைமயக்க ஊசி போட்டுக்கொண்டால் வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வர வேண்டும், 24 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது. கூட வர ஆள் இல்லை என்பதற்காகவே ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடும் தனியாள்களும் மாணவர்களும் உண்டு. அவர்கள் அதையும் முன்கூட்டியே சொன்னால் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேச இடம் கிடைக்கும். இடுப்பெலும்பிலிருந்து எலும்பு மஜ்ஜை எடுக்கும்போது தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் ஊசியால் மரத்துப்போகச் செய்வார்கள். ஆனால் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் அந்தச் சில நொடிகளின் வலியை அது முழுவதும் தடுப்பதில்லை. கேஸ் அண்ட் எயாரோ அரைமயக்கமோ கிடைக்குமா என்று அங்கும் கேளுங்கள்.

பெண்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய பரிசோதனை ஹிஸ்டரோஸ்கோபி. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்டால், கருப்பைக்குள் மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே சிறு துணுக்கு ஒன்றை எடுப்பார்கள். பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவில், நீங்கள் விழித்திருக்கும்போதே இது நடக்கும். கடிதங்களில் மாதவிடாய் வலியைப் போன்றது என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சிலருக்கு அவ்வளவுதான், வேறு சிலருக்கோ அது தாங்க முடியாத வலியாக இருந்திருக்கிறது, அது குறித்து இங்கே பெண்கள் இயக்கமாகவே திரண்டு குரல் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பெறாதவர்களுக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கும், முன்பே கடும் மாதவிடாய் வலி இருந்தவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அது போதாது என்று நினைத்தால், முழு மயக்கத்தில் செய்துகொள்ளும் தெரிவை நீங்கள் கேட்கலாம். அதற்குக் காத்திருக்கும் காலம் நீளக்கூடும் என்பதால், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போது “ஸ்டாப்” என்று ஒரு சொல் சொன்னால் அவர்கள் நிறுத்த வேண்டும். தொடங்குமுன் அந்த அறையில் உங்கள் தலைமாட்டில் நிற்கும் தாதியிடம், நான் கையை உயர்த்தினால் நிறுத்தச் சொல்லுங்கள் என்று பேசிவைத்துக்கொள்வதும் நல்லது. பரிசோதனை பாதியில் நின்றால் அடுத்த முறை மயக்கத்தில் செய்வார்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

வலியை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் தேவை. பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். நம் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்லை” என்பார்கள். கூடச் சென்ற மகன் அதை இரண்டு என்று மொழிபெயர்ப்பான். எண்ணோடு நிறுத்தாமல், வலி எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்று சொல்லுங்கள்: இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை, இரவு மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது, படியேற முடியவில்லை. வலியின் தன்மையையும் சொல்லுங்கள். உள்ளே உளைவது வேறு. நெருப்புப் பட்டதுபோல் எரிவதும், மின்சாரம் பாய்வதுபோல் சுண்டுவதும் வேறு. பின்னது நரம்பிலிருந்து வரும் வலியாக இருக்கலாம், அதற்கு வேறு வகை மாத்திரைகள் கொடுப்பார்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். ஜி.பி. பரிந்துரை எழுதும் அன்றே இதைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். தாயின் இரத்தப்போக்கைப் பற்றி மகன் வாயால் சொல்ல நேரும்போது இருவருமே பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

சிகிச்சை தொடங்கியதும் உங்களுக்கெனச் சிறப்புத் தாதி ஒருவரின் பெயரும் எண்ணும் தரப்படும். ஆலோசக மருத்துவரை விட அவரைப் பிடிப்பது எளிது, வலியைப் பற்றி முதலில் பேச வேண்டியதும் அவரிடம்தான். கீமோதெரபியில் பக்லிடாக்செல், ஒக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனிகளில் மரப்பையும் ஊசி குத்துவது போன்ற கூச்சத்தையும் உண்டாக்கக்கூடும். ஒக்சாலிபிளாட்டின் எடுப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பால் போத்தலைத் தொட்டால்கூடக் கை சுண்டும். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பது மருத்துவக் குழுவுக்கு முக்கியமான தகவல், ஏனெனில் அதைக் கேட்டுத்தான் மருந்தின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். சொல்லாமல் விட்டால் அந்த மரப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை மருத்துவரிடம் விடுங்கள்.

கீமோதெரபிக் காலத்தில் தலைவலிக்கோ உடம்பு வலிக்கோ பாராசிட்டமோல் போடுமுன் காய்ச்சலை அளந்துவிடுங்கள், ஏனென்றால் அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். உங்களிடம் கொடுத்த எச்சரிக்கை அட்டையில் உள்ள அளவைத் தாண்டினால், நள்ளிரவானாலும் அதிலுள்ள 24 மணி நேர எண்ணை அழைக்க வேண்டும். இபுபுரூஃபனும் ஊரிலிருந்து வரும் சூரணமும் லேகியமும் கேட்காமல் எடுக்கத் தக்கவை அல்ல. புற்றுநோய் உள்ள ஒருவருக்கு முதுகில் புதிதாகக் கடும் வலி வந்து, கூடவே கால் பலமிழந்தாலோ மரத்தாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, அடுத்த சந்திப்புவரை பொறுக்கக் கூடாது. முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் செல்லும் நரம்புத் தண்டு, நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் வீடே கலங்கிப்போவதை அறிவேன். கடைசி நேரத்து மருந்து, அடிமையாக்கும் மருந்து என்ற இரண்டு நம்பிக்கைகளாலும் வலியில் துடித்தபடியே மாத்திரையை மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள் உண்டு. நோயின் எந்தக் கட்டத்திலும் வலி கடுமையானால் மார்பின் கொடுப்பார்கள். வலியின் காரணம் தீர்ந்ததும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். உலக சுகாதார அமைப்பு 1986இலேயே, புற்றுநோய் வலிக்கு மருந்தை வலி வந்தபின் அல்லாமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. அதன்படி நேரத்துக்கு எடுக்க ஒன்றும், இடையில் வலி மீறினால் எடுக்க வேகமாக வேலை செய்யும் ஒன்றும் தருவார்கள். கதிர்வீச்சு மேசையில் அசையாமல் படுப்பதே வேதனை என்றால், எவ்வளவு நேரம் முன்னதாக அந்த இரண்டாவது மருந்தை எடுக்கலாம் என்று கேளுங்கள். குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

வலி கட்டுக்குள் வரவில்லையென்றால் வலியையும் மற்ற வேதனைகளையும் தணிக்கும் பலியேடிவ் கேர் குழுவிடம் அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். மருத்துவர் சிசிலி சோண்டர்ஸ் 1967இல் தென் லண்டனில், தீராத நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்ததிலிருந்து வளர்ந்த இந்தத் துறை, சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களின் வலியையும் பார்க்கிறது. அங்கே அனுப்புவது கைவிடுவது ஆகாது. யாரும் காது கொடுக்கவில்லையென்றால், இங்கிலாந்து மருத்துவமனைகளில் உள்ள பால்ஸ் எனப்படும் நோயாளர் ஆலோசனைப் பிரிவிடம் முறையிடுங்கள். புற்றுநோயாளிகளுக்கு உதவும் மக்மிலன் என்ற தொண்டு அமைப்பின் 0808 808 00 00 என்ற இலவச எண்ணிலும் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசலாம்.

செலவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு 2009 ஏப்ரல் முதல் மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. எஃப்.பி.92ஏ என்ற படிவத்தை ஜி.பி.யிடமோ மருத்துவமனையிலோ கேட்டு நிரப்பினால், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் விலக்குச் சான்றிதழ் வரும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் எவருக்குமே இந்தக் கட்டணம் கிடையாது. மார்பின் எடுத்துக்கொண்டு ஊருக்குப் பயணம் செய்பவர்கள், மருந்தின் பெயரும் அளவும் பயண நாட்களும் குறித்த மருத்துவரின் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருப்பதோடு, போகும் நாட்டின் தூதரகத்தில் அந்நாட்டு விதியையும் விசாரித்துவிட்டே விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.