மேற்கு வர்ஜீனியா அஞ்சலட்டைக்கு வயது கணிப்பது

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பழைய சுரங்க ஊர் அஞ்சலட்டை கைக்கு வந்தால் நான் படத்தைப் பார்ப்பதற்கு முன் திருப்பிவிடுவேன். பின்பக்கத்தில் நடுக்கோடு இருக்கிறதா? அப்படியென்றால் 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. அதற்கு முன் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள், பாவம்.

அப்புறம் தபால்தலை ஒட்டும் கட்டம். அதில் 'அசோ' (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரோடு, மூலைகளிலுள்ள நான்கு முக்கோணமும் மேல்நோக்கியிருந்தால் சுமார் 1904–1918 தாள். இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918–1930. ஆனால் பழைய தாள் ஸ்டூடியோவில் வருஷக்கணக்கில் கிடந்திருக்கலாம். அந்த மாநிலத்துத் தர்மண்ட் ஊரின் ரயிலடி அட்டை ஒன்றில் நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. இல்லையென்றால் அசல் புகைப்படமாக இருக்க வாய்ப்பு அதிகம். துணி போலச் சொரசொரப்பா? 1930களுக்கு வாருங்கள். கணித்த வருஷத்தை அட்டையின் பின்னால் பென்சிலால், மெதுவாக எழுதுங்கள்.