திருகோணமலையில மீன், சாமான் ஏத்துற பழைய பிக்கப்புக்கு பிரேக் ஹோஸ் மாத்துறது எப்பிடி

பிரேக் ஒயில இரும்பு பைப்புல இருந்து வீல் பக்கம் கொண்டுபோற, வளையிற ரப்பர் குழாயத்தான் ஹோஸ் எண்டுறது. இங்க ஓடுற பழைய பிக்கப்புகள்ல, அது ஹைலக்ஸா இருக்கட்டும் எல்200ஆ இருக்கட்டும், நான் பாத்த அளவுல முதல்ல பழுதாகிறது பின்னுக்கு நடுவுல தொங்குற ஹோஸ்தான். காரணம் மீன். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துல ஏத்துனா ஐஸ் உருகி, உப்புத்தண்ணி பின் தட்டுத் தகரத்து ஓட்டையால சொட்டு சொட்டா விழுந்து ஹோஸ் பிடிச்சிருக்கிற பிராக்கட்ட நனைச்சுக்கொண்டே போகும், பிராக்கட் துருப்பிடிக்கும், துரு பிடிச்ச இரும்பு ஊதும், ஊதி உள்ளுக்க இருக்கிற ஹோஸ் கழுத்த நெரிக்கும். வெளியால பாத்தா ரப்பர் நல்லாத்தான் இருக்கும். மீன் ஏத்துற ஆக்கள் அந்த ஓட்டையில ஒரு துண்டு டியூப் மாட்டி தண்ணிய பிராக்கட்டுக்கு அங்கால விழுற மாதிரி விட்டாலே பாதிப் பிரச்சின குறையும்.

புகை டெஸ்ட் பாஸ் பண்ணின வாகனம்தானே எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க. புகை டெஸ்ட் புகையத்தான் பாக்கும், ஹோஸ நீங்கதான் குனிஞ்சு பாக்க வேணும். டோர்ச் அடிச்சு ஹோஸ கையால நல்லா வளைச்சுப் பாருங்க, வளைக்கிற இடத்துல மெல்லிய வெடிப்பு தெரிஞ்சா, தொட்டா பிசுபிசுத்தா, இரும்பு முனை சேருற இடத்துல ஈரம் இருந்தா மாத்துங்க. ஒராள பெடல அமத்தச் சொல்லிப்போட்டு பாக்கேக்க எங்கயாவது புடைச்சா அண்டைக்கே ஓட்டத்த நிப்பாட்டுங்க.

உள்ளால பழுதான ஹோஸ்தான் ஆக்கள ஏமாத்துறது. கிண்ணியாவுல இருந்து ஒரு நானா அவர்ர பிக்கப்ப கொண்டுவந்தார், முன் இடது ரிம் கைவைக்க ஏலாத சூடு, பேட் மாத்தி, பேட்ட டிஸ்க்கோட அமத்துற கலிப்பர்ர சீலும் மாத்தி திரும்பவும் அதே கதை, "வெளியால ஒரு வெடிப்பும் இல்லயே தம்பி" எண்டு சொல்லிக்கொண்டே நிண்டார். ஹோஸ் உள் ரப்பர் உரிஞ்சு ஒரு வால்வு மாதிரி நிண்டா, பெடல அமத்தேக்க இருக்கிற பிரஷர் ஒயில தள்ளிக்கொண்டு போயிடும், ஆனா கால எடுத்தா ஒயில் திரும்பி வராது, பிரேக் பிடிச்சபடியே நிக்கும். இத கண்டுபிடிக்கிறது லேசு: ஜக் அடிச்சு பெடல அமத்தி விட்டுட்டு வீல சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா முதல்ல ஹோஸுக்கு மேல இருக்கிற இரும்பு பைப் நட்ட கொஞ்சம் தளத்துங்க. அதுக்கு வீல் இளகினா பிழை மேல மாஸ்டர் (பெடல அமத்தேக்க ஒயில தள்ளுற சிலிண்டர்) பக்கம். அதுக்கு இளகாம, கலிப்பர்ல பிளீட் நிப்பிள (எயார் எடுக்கிற சின்ன திருகாணிய) தளத்தினாப் பிறகு இளகினா பிழை ஹோஸ்தான். ரெண்டுக்கும் இளகேல்ல எண்டா கலிப்பரே இறுகியிருக்கு. நானாட வாகனத்துல ஹோஸ கழட்டி நீளப்பாட்டுக்கு கீறிப் பாத்தம், உள்ளுக்க ரப்பர் தோல் ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு கிடந்தது.

சாமான் வாங்கப் போக முதல் எத்தின ஹோஸ் இருக்கு எண்டு எண்ணிக்கொள்ளுங்க. வழக்கமா முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு நடுவுல ஒண்டு, ஆனா முன்னுக்கும் முழு அக்சில் இருக்கிற, நாலு வீலும் இழுக்கிற வாகனங்கள்ல கணக்கு மாறும். ஒண்டு பழுதெண்டா மற்றதும் அதே வயசுதான், எல்லாத்தையும் ஒரே தரத்துல மாத்துங்க. பழைய ஹோஸ கையில கொண்டு போய் நீளம், மரை, முனை வளைவு எல்லாம் ஒப்பிட்டு வாங்குறதுதான் நல்லம். ஜப்பான் வாகனத்துல பைப் நட்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், 1.0 மரை. அதுல இருந்து கொஞ்சம் வித்தியாசமான மரையையும் பலவந்தமா இறுக்கிட ஏலும், இறுகின மாதிரியே இருக்கும், ஆனா பிறகு பிரஷர்ல கழண்டுரும். ஹோஸ் மேல எஸ்ஏஈ ஜே1401 (பிரேக் ஹோஸுக்கான தரக் குறி) எண்டும் டொட் (அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்துக் குறி) எண்டும் அடிச்சிருக்கா, செஞ்ச திகதி இருக்கா எண்டு பாருங்க. அந்த அமெரிக்க டொட் விதிப்படி, உள் துவாரம் எட்டில ஒரு அங்குலம் வாற ஹோஸ் 7000 பிஎஸ்ஐ வரைக்கும் வெடிக்காம நிக்க வேணும். ஒரு எழுத்தும் இல்லாத வெறும் கறுப்பு ஹோஸ அரை விலைக்குத் தந்தாலும் எனக்கு வேணாம்.

ஸ்டீல் பின்னின ஹோஸ் போடலாமா எண்டு கேப்பாங்க. அதுல உள் குழாய் டெஃப்லோன், புடைக்காது, பெடல் கல்லு மாதிரி நிக்கும், நல்ல சாமான்தான். ஆனா உப்புவெளி நிலாவெளிப் பக்கம் மணல்லயும் உப்புலயும் ஓடுற வாகனத்துக்கு வெளியால பிளாஸ்டிக் உறை போட்டதா மட்டும் வாங்குங்க, உறை இல்லாட்டி மணல் பின்னலுக்குள்ள பூந்து உள்குழாய அறுக்கும், அது உங்களுக்குத் தெரியவும் மாட்டுது. சாதாரணமா சாமான் ஏத்துற வாகனத்துக்கு நல்ல கம்பனி ரப்பர் ஹோஸே போதும் எண்டதுதான் என்ர அபிப்பிராயம். வாகனத்த உயத்தி இருந்தா மட்டும் நீளமான ஹோஸ் கட்டாயம்.

வேலை தொடங்க முதல் நாள் பின்னேரமே எல்லா நட்டுக்கும் துரு இளக்கிற ஒயில் அடிச்சு விடுங்க, கம்பி பிரஷ்ஷால உப்பும் துருவும் போகத் தேய்ங்க. அடுத்த நாள் சமதரையில விட்டு டயருக்கு கல்லு வச்சு, ஜக்க நம்பாம ஸ்டாண்ட் வச்சு வாகனத்த நிப்பாட்டுங்க. பைப் நட்டுக்கு சாதாரண 10 ரிங் பூராது, ஓப்பன் ஸ்பானர் போட்டா ரெண்டு மூலையில மட்டும் பிடிச்சு நட்ட உருட்டி விட்டுரும், அதால வாய் வெட்டின ரிங் மாதிரி வாற ஃபிளேயர் ஸ்பானர் ஒண்டு வாங்குங்க, இந்த வேலையில காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். ஹோஸ் முனைய இன்னொரு ஸ்பானரால பிடிச்சுக்கொண்டு நட்ட கொஞ்சம் இறுக்குற பக்கம் அசைச்சு, பிறகு தளத்துற பக்கம், திரும்ப இறுக்குற பக்கம், இப்பிடியே பொறுமையா. நட்டு சுத்தேக்க இரும்பு பைப்பும் சேந்து முறுகுதா எண்டு கண்ண வச்சுக்கொண்டே இருங்க, முறுகினா நிப்பாட்டி திரும்ப ஒயில் அடிங்க. பைப்பே துருப்பிடிச்சு அரிச்சிருந்தா அதையும் மாத்தத்தான் வேணும், அதுக்கு ஃபிளேயர் அடிக்கிற (பைப் வாய விரிக்கிற) டூல் உள்ள கராஜுக்கு குடுக்கிறது நல்லம்.

நட்டு இளகினா பிராக்கட்ல இருக்கிற கிளிப்ப தட்டி எடுங்க, ஹோஸ் வெளிய வந்ததும் பைப் வாய ரப்பர் மூடியால அடைச்சு விடுங்க, மாஸ்டர் டாங்கி வத்த விடாதீங்க. கலிப்பர கழட்டினா கம்பியால கட்டித் தூக்கி வைங்க, ஹோஸ்ல தொங்க விடக்கூடாது. பிராக்கட் உள் ஓரத்துத் துருவ அரத்தால எடுத்து பெயின்ட் ஒண்டு பூசி காய விட்டுட்டு புது ஹோஸ போடுங்க.

பைப் நட்ட முதல்ல கையால ரெண்டு மூண்டு சுத்து ஏத்துங்க, கையால போகாட்டி மரை கோணலா பிடிச்சிருக்கு. பேஞ்சோ போல்ட் (நடுவுல ஒயில் போற ஓட்டை உள்ள போல்ட்) வாற இடத்துல ரெண்டு பக்கமும் புது செப்பு வாஷர், பழசு வேணாம். டொயோட்டாக்காரன் பொதுவா குடுக்கிற கணக்கு பைப் நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர், பேஞ்சோவுக்கு 30, உங்கட வாகனத்து புத்தகத்துல வேற இருந்தா அதத்தான் எடுக்க வேணும். ஹோஸ்ல இருக்கிற கோடு நேரா ஓடுதா பாருங்க, கோடு சுத்தினா ஹோஸ் முறுகியிருக்கு. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்து டயர்லயோ ஸ்பிரிங்லயோ உரசாம இருக்கா எண்டு உறுதிப்படுத்துங்க.

இனி பைப்புக்குள்ள பூந்த எயார எடுக்கிறது. புது டப்பா ஒயில் உடைங்க, பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், கடல் காத்து அடிக்கிற ஊர்ல போன வருசம் உடைச்ச போத்தல நம்ப ஏலாது. டொட் 3 எண்ட ரக ஒயில் புதுசா இருக்கேக்க குறைஞ்சது 205 பாகையிலதான் கொதிக்க வேணும், ஈரம் ஏறினா 140க்கு இறங்கிரும், டொட் 4க்கு அதே கணக்கு 230, 155. நுவரெலியாப் பக்கம் மரக்கறி ஏத்தி இறங்குற ஆக்களுக்கு இந்த வித்தியாசம் இறக்கத்துல காலுக்குத் தெரியும். டொட் 3ஓட டொட் 4 கலக்கலாம், டொட் 5 மட்டும் சிலிக்கோன், அதோட கலக்கக் கூடாது. என்ஜின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டும் உள்ளுக்க போகப்படாது, சீல் எல்லாம் ஊதிரும்.

மாஸ்டருக்கு ஆகத் தூரமா இருக்கிற வீல்ல தொடங்குங்க, எங்கட வலப்பக்க ஸ்டியரிங் வாகனத்துக்கு பெரும்பாலும் பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. பின் அக்சிலுக்கு மேல லோட் வால்வு (பாரத்துக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்க கூட்டிக் குறைக்கிற வால்வு) இருந்து அதுல நிப்பிளும் இருந்தா அதையும் விடாதீங்க. மீன் தொட்டிக்கு போடுற வெள்ளை டியூப்ப நிப்பிள்ல மாட்டி மற்ற முனைய கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள்ள அமுக்கி வைங்க. ஒராள் பெடல மெதுவா அமத்திப் பிடிக்க நீங்க திறந்து, பூட்டினாப் பிறகுதான் அவர் கால எடுக்க வேணும். பெடலுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வைங்க, பழைய மாஸ்டர்ல வழக்கமா ஓடாத அடிப்பக்கம் துருப்பிடிச்சிருக்கும், பெடல் தட்டு வரைக்கும் போனா சீல் கிழிஞ்சுரும். பெயின்ட்ல ஒயில் பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

முடிஞ்சதும் என்ஜின ஸ்டார்ட் பண்ணி பெடல பலமா ஒரு நிமிசம் அமத்திப் பிடிச்சிருங்க. இறங்கிக்கொண்டே போனா எங்கயோ கசியுது இல்லாட்டி மாஸ்டர் சரியில்ல, எடுத்தெடுப்பில மெத்தை மாதிரி இருந்தா எயார் மிச்சம். எல்லா மூட்டையும் வெள்ளை டிஷுவால துடைச்சு ஈரம் வருதா பாருங்க. வெறும் வண்டியா சன நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டுல மெதுவா போய் பிடிச்சு, ஒரு பக்கம் இழுக்குதா பாத்தாப் பிறகுதான் சாமான் ஏத்த வேணும், கந்தளாய் ஹபரணை ரோட்டுல இரவுல யானை குறுக்க வந்தா முழு லோடோட முழு பிரேக்கும் தேவைப்படும். பழைய ஒயில கானுக்குள்ள ஊத்தாம போத்தல்ல சேத்து கராஜுல பழைய ஒயில் எடுக்கிற ஆக்களிட்ட குடுங்க, என்ஜின் ஒயிலோட கலக்காம வேறயா. ஒரு கிழமை ஓடினாப் பிறகு திரும்ப அதே டிஷுவோட கீழ குனிஞ்சு பாருங்க, டாங்கி மட்டம் கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா மூட்டெல்லாம் ஒண்டொண்டா பாத்தாப் பிறகுதான் ஓட வேணும்.