போன்சாய்: நர்சரி மரத்தைக் கெடுக்கும் தவறுகள்

தண்ணீர் ஊற்ற மறப்பது, வெயில் படாத மூலையில் வைப்பது இதெல்லாம் இங்கே வராது. அதை வாடிப்போய் மரமே சொல்லிக் கொடுத்துவிடும். செய்த அன்று ஒன்றும் தெரியாமல், நாலைந்து வருடம் கழித்து வெளியே வருகிற தவறுகள்தான் எனக்குக் கவலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள், நாங்களெல்லாம் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள்.

## வாங்கிய வாரமே தட்டைத் தொட்டி

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பென்சில் பருமனில் ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) கன்று வாங்குவார்கள், கையோடு அழகான தட்டைத் தொட்டி ஒன்றும். அன்றைக்கே வேரில் முக்கால்வாசியை வெட்டி, தொட்டியில் உட்கார வைத்து, மேலே பாசி ஒட்டி, படம் எடுத்து அனுப்புவார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

தண்டு பருக்க நிறைய இலை வேண்டும். இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கொண்டுதான் பட்டைக்கு உள்ளே புதிய மர அடுக்கு சேர்கிறது. இலை பெருக வேண்டுமானால் வேர் ஓட வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். தட்டைத் தொட்டியில் அந்த இடம்தான் இல்லை. வளர்த்து வடிவம் கொடுத்து முடித்த மரத்தின் வளர்ச்சியை அடக்கி வைக்கத்தானே அந்தத் தொட்டி!

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே நாளில் இரண்டு கன்று வாங்கினார். பார்க்க லட்சணமாக இருந்ததைத் தொட்டியில் வைத்தார். கோணலாக இருந்ததை, தேறாது என்று வேலியோரம் தரையில் நட்டுவிட்டார். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், தேறாதது மணிக்கட்டுப் பருமனுக்கு அடிமரம் வைத்து, மண்ணை வேரால் கவ்விக்கொண்டு நிற்கிறது. தொட்டியில் வைத்த கன்று பென்சிலிலிருந்து பேனா பருமனுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அதையும் தரைக்கு மாற்றச் சொன்னேன். இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைத் தரையில் போடுவதா என்று கோபித்துக்கொண்டார். இந்தத் தவறு நீண்டுகொண்டே போவது இதனால்தான்.

தண்ணீர் விஷயத்திலும் வம்பு உண்டு. எந்தத் தொட்டியிலும் வடிந்தது போக அடியில் ஒரு ஈர அடுக்கு தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் பொடித்தன்மை. தொட்டியின் ஆழம் அல்ல. ஸ்பாஞ்சு ஒன்றை நனைத்துப் படுக்க வைத்துச் சொட்டுவது நின்றதும் நிமிர்த்திப் பாருங்கள், மறுபடி சொட்டும். தட்டைத் தொட்டி அந்தப் படுத்த ஸ்பாஞ்சு. நர்சரியின் பொடி மண்ணோடு அதில் வைத்தால் வேர் பாதி நேரம் சேற்றில்தான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? முடிந்தால் தரை. அடியில் ஓடு ஒன்றைப் பதித்து அதன்மேல் நட்டால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் விரியும். தரை இல்லாதவர்களுக்கு ஓட்டை நிறைந்த பிளாஸ்டிக் கூடை போதும். உரத்தில் கஞ்சம் வேண்டாம். கீழே, பின்பக்கமாக ஒரு கிளையைக் கத்தரி வைக்காமல் ஓடவிடுங்கள். அது சேரும் இடத்துக்குக் கீழே தண்டு பருக்கும். வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம், தழும்பு பின்னால் போய்விடும். வேண்டிய பருமன் வந்த பிறகுதான் தொட்டி. அதுவரை மரம் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

## வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டுவது

ஃபைகஸ் இதைத் தாங்கிவிடும், அதனால் எல்லா மரமும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊசியிலை மரமான ஜூனிபர் தாங்காது. அது செத்துப் பல வாரம் ஆன பிறகும் பச்சையாகவே இருக்கும். நீங்களும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய வேலை போதும்.

## இலையைப் பார்த்து வாங்குவது

இலை மாறும், கிளையும் மாறும். அடியை மாற்றுவதுதான் கடினம். வாங்கும் முன் தண்டையொட்டி மண்ணை விரலால் விலக்குங்கள். தண்டு சட்டென்று விரிந்து வேராகப் பிரிகிற இடம் நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் புதைந்தே இருக்கும். நாலா பக்கமும் வேர் போனால் வாங்கலாம். ஒரே பக்கம் கொத்தாகப் போனாலோ, தடித்த வேர் ஒன்று தண்டை இறுக்கிச் சுற்றியிருந்தாலோ, இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அடுத்த கன்றுக்குப் போங்கள்.

## கம்பியை மறப்பது

கிளையை வளைக்கச் சுற்றிய கம்பி பட்டையில் பதிகிறதா என்று வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். எடுக்கும்போது அவிழ்க்காதீர்கள், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

## ஜூனிபரை வீட்டுக்குள் வைப்பது

வேண்டாம்.

## ஒரே கணுவில் நாலு கிளை

அடர்த்தியாகத் தெரியட்டும் என்று நர்சரியில் நுனியை ஒடித்துவிட்ட கன்றுகளில் இது அதிகம். இப்போது பார்க்கப் பொலிவாக இருக்கும். நாலு கிளையும் பருக்கப் பருக்க அந்த இடம் மட்டும் புடைத்து, தண்டு கீழே மெலிந்தும் மேலே தடித்தும் நிற்கும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் புடைப்புக்குக் கீழே வெட்டிப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர பெரிதாக வழியில்லை. கிளைகள் சுண்டு விரல் பருமன் ஆவதற்குள் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.