இதயத் துடிப்பைக் காட்டும் பனியன்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஈசிஜி என்றால் ஆஸ்பத்திரிப் படுக்கை, மார்பில் ஒட்டும் பசை வட்டுகள், கட்டம் போட்ட தாள். எடுக்கும் அந்தச் சில நொடிகளில் இதயம் ஒழுங்காகத் துடித்துவிட்டால், மற்ற நேரத்தில் நடப்பதை அந்தத் தாள் சொல்லாது. அதற்காகத்தான் 24 மணி நேரமும் உடம்பிலேயே மாட்டி அனுப்பும் ஹோல்ட்டர் கருவி வந்தது. நார்மன் ஹோல்ட்டர் 1940களில் செய்த முதல் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையின் பாலபாடத்தை ஒரு பனியனிலேயே தைத்துப் பார்த்துவிடலாம்.

இதில் எலெக்ட்ரானிக்ஸ் கால்வாசி, தையல் முக்கால்வாசி. காட்பாடி பக்கம் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். புரோகிராமை எவ்வளவு திருத்தினாலும், துணி தோலில் படியாவிட்டால் திரையில் குப்பைதான் வரும்.

தொடங்கும் முன்

கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது பனியனை இணைக்கவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். இது கற்றுக்கொள்வதற்கான கருவி, நோயைக் கண்டுபிடிக்க அல்ல. நெஞ்சு வலித்தால் பனியனைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

வாங்க வேண்டியவை

ஏடி8232 போர்டு (இதயத்தின் சின்ன மின்சிக்னலைப் பெருக்கித் தருவது), அதோடு வரும் மூன்று முனை கேபிள், ஆர்டுயினோ ஊனோ (அந்தச் சிக்னலைப் படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சின்ன புரோகிராம் போர்டு), ஒரு மல்டிமீட்டர். பசை வட்டுகளுக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் வெள்ளி பூசிய நைலான் துணி வேண்டும், அதை ஆன்லைனில் வாங்குவதுதான் சுலபம். பனியன் லைக்ரா கலந்து உடம்போடு ஒட்டி நிற்பதாக இருக்கட்டும். தொளதொள பனியன் உதவாது. பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை இன்னும் பொருத்தமான இடம், அது தானாகவே இறுக்கிப் பிடிக்கும்.

பிரஸ் பட்டனை மட்டும் பார்த்து வாங்குங்கள். கேபிள் முனையில் ஏறும் குமிழ் சுமார் 4 மில்லிமீட்டர். கேபிளைக் கையோடு வேலூர் லாங் பஜாருக்கு எடுத்துப் போய், தையல் சாமான் கடையிலேயே மாட்டிப் பார்த்து, 'டக்' என்று உட்காருவதை வாங்குங்கள்.

தையல்

வெள்ளித் துணியை 4 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பாதி உள்பக்கம் தோலைத் தொட வேண்டும். பனியனில் சின்னக் கீறல் போட்டு, மீதிப் பாதியை அதன் வழியே வெளியே எடுத்து மடித்துத் தையுங்கள். பட்டன் அந்த வெளிப்பாதியில்தான் வர வேண்டும். மலிவான பட்டன்களில் நிக்கல் இருக்கும். நாள் முழுக்கத் தோலில் உரசினால் சிலருக்கு அரிக்கும்.

உள்பாதிக்கும் பனியனுக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை வையுங்கள். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கினாலும் துணி தோலை விடாமல் இருப்பது இதனால்தான்.

இரண்டு துண்டுகள் மார்புக்குக் கீழே விலா எலும்பின் மேல், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. மூன்றாவது வலது இடுப்புக்குச் சற்று மேலே. ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். நெருக்கமாக வைத்தால் வேர்வையில் நனைந்த பனியனே இரண்டையும் இணைத்துவிடும்.

கைத்தையல் வராதவர்கள் டெய்லரிடம் கொடுக்கலாம். "ஓரத்துல மட்டும் ஜிக்ஜாக் போடுங்கண்ணா, நடுவுல ஊசி படக்கூடாது, இழுத்துப் பிடிச்சுத் தைச்சிடாதீங்க" என்று சொன்னால் போதும். நேர்தையல் போட்டால் பனியன் நீளும்போது நூல் அறுந்துவிடும்.

தைத்ததும் உள்பாதிக்கும் பட்டனுக்கும் மல்டிமீட்டர் வைத்து மின்தடையை, அதாவது ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சில ஓம் வந்தால் நல்லது.

வயரிங்

போர்டின் 3.3 வோல்ட்டை ஆர்டுயினோவின் 3.3-க்குக் கொடுங்கள், 5-க்கு அல்ல. கிரவுண்டை கிரவுண்டுக்கு. அவுட்புட் ஏ0-க்கு, எல்ஓ பிளஸ் 10-க்கு, எல்ஓ மைனஸ் 11-க்கு. கேபிள் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வலது, இடது, கால் எது என்பதைக் கேபிளோடு வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கால் என்று போட்டிருப்பது இடுப்புத் துண்டுக்கு.

புரோகிராம் சின்னதுதான். 10, 11 இரண்டில் ஏதாவது ஒன்று 'ஹை' ஆனால் துணி தோலை விட்டுவிட்டது என்று பொருள். அப்போது பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏ0-வைப் படித்து அனுப்பட்டும். 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால் நொடிக்கு 250 அளவுகள் கிடைக்கும்.

திரையில் பார்ப்பது

ஆர்டுயினோ மென்பொருளில் கோடு வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரைத் திறந்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். ஆர்டுயினோ வோல்ட்டை எண்ணாக மாற்றிக் காட்டும், கோடு சுமார் 340-இல் ஓடும். நடுநடுவே கூர்மையாக எழும்புவதுதான் ஆர் அலை. தோலில் அது சுமார் 1 மில்லிவோல்ட். போர்டு அதை ஏறக்குறைய 1100 மடங்கு பெருக்குவதால் 200 அளவு உயரலாம். தலைகீழாக வந்தால் வலது, இடது முனைகளை மாற்றி மாட்டுங்கள்.

கோடு முழுக்க ஒரே சீராக நடுங்கினால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஃபேன், சுவிட்ச் போர்டு பக்கத்திலிருந்து தள்ளிப்போய், வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். மெதுவாக ஏறி இறங்கினால் மூச்சு. கை அசையும்போது மட்டும் கலைந்தால் தசை.

எதுவுமே தெளிவாக வரவில்லையா? தோல் காய்ந்திருக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். ஈசிஜிக்காக 1924-இல் நோபல் பரிசு வாங்கிய டச்சு மருத்துவர் ஐந்தோவன், நோயாளிகளின் கையையும் காலையும் உப்புத் தண்ணீரில் வைக்கச் சொல்லித்தான் அளந்தார். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் பனியன் போட்ட சற்று நேரத்திலேயே வேர்வை அந்த வேலையைச் செய்துவிடும். மார்கழியில் நாம்தான் துண்டுகளைத் தண்ணீரில் தொட்டு நனைத்துக்கொள்ள வேண்டும்.

துடிப்பை எண்ண

கோடு 450-ஐத் தாண்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். உங்கள் அலை சின்னது என்றால் எண்ணைக் குறையுங்கள். ஒருமுறை தாண்டியபின் 300 மில்லிசெகண்ட் வரை மறுபடி எண்ண வேண்டாம், இல்லாவிட்டால் ஆர் அலைக்குப் பின்னால் வரும் சின்ன அலையான டி அலையும் கணக்கில் சேரும். இரண்டு உச்சிகளுக்கு இடையிலுள்ள நேரத்தால் 60000-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு. 800 மில்லிசெகண்ட் என்றால் 75. ஐந்தாறு துடிப்புகளின் சராசரியைக் காட்டினால் எண் தாவாது. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

துவைப்பது

கேபிளைக் கழற்றிவிட்டு, மிதமான சோப்பில் கையால் அலசி, நிழலில் காய வையுங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம், முறுக்கிப் பிழியவும் கூடாது. காய்ந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, முதலில் குறித்துவைத்த ஓம் அளவோடு ஒப்பிடுங்கள். துவைக்கத் துவைக்க வெள்ளி தேயும், ஓம் ஏறும். நூற்றுக்கணக்கில் போய்விட்டால் தையலைப் பிரித்து அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், பனியன் அப்படியே இருக்கட்டும்.