கோஸ்ட் இன் த ஷெல் ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்: முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போலீஸ் கதையும் பிடிக்கும், சயின்ஸ் ஃபிக்‌ஷனும் பிடிக்கும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் இதுதான். ஆனால் நாலைந்து எபிசோட் பார்த்துவிட்டு, "என்ன நடக்குதுன்னே புரியல" என்று பாதியில் விட்டவர்கள் நிறைய. கதை அடுக்கப்பட்டிருக்கும் விதம் தெரிந்துவிட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: சரியான தொடரை எடுங்கள்

இந்தப் பெயரில் பல படைப்புகள் உண்டு. மூலம், மசமுனே ஷிரோவின் மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். மமோரு ஓஷியின் 1995 திரைப்படம் தனிக் கதை. 2013இல் தொடங்கிய 'அரைஸ்' வேறொரு தொடக்கம். நீங்கள் எடுக்க வேண்டியது கென்ஜி கமியாமா இயக்கி, புரொடக்‌ஷன் ஐ.ஜி. தயாரித்து, 2002 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய தொடர். முதல் சீசனில் 26 எபிசோடுகள். படத்தைப் பார்க்காமலே நேராக இதற்கு வரலாம்.

படி 2: இவ்வளவு தெரிந்தால் போதும்

கதை நடப்பது 2030 ஜப்பானில். பலருக்கு மின்மூளை இருக்கிறது. மூளையே நெட்வொர்க்கில் இணைந்திருக்கும். வாயைத் திறக்காமல் பேசிக்கொள்வார்கள், ஒருவர் மூளையை இன்னொருவர் ஹேக் செய்வார். உடலையும் செயற்கையாக மாற்றிக்கொள்ளலாம். அத்தனையையும் மாற்றிய பிறகும் 'நான்' என்று எஞ்சி நிற்பதைத்தான் இவர்கள் கோஸ்ட் என்கிறார்கள்.

இந்த உலகத்துக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்புப் படை செக்‌ஷன் 9. தலைவர் அரமாக்கி, களத்தில் மேஜர் மொட்டோக்கோ குசனாகி, அவருக்குப் பக்கபலமாக பட்டோ. புதிதாகப் பார்ப்பவர்கள் தொகுசாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண போலீஸிலிருந்து வந்தவர், மனைவி பிள்ளை உள்ளவர், மின்மூளை தவிர உடலில் பெரிதாக எதையும் மாற்றாதவர். அந்தக் காலத்திலும் பழைய ரிவால்வரைத்தான் வைத்திருப்பார். நமக்கு எழும் சந்தேகங்கள் பலவும் அவருக்கும் எழும்.

படி 3: டைட்டில் கார்டின் நிறத்தைப் பாருங்கள்

இதை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு எபிசோடிலும் தலைப்பு ஒரு அட்டையில் வரும். பின்னணி பச்சையாக இருந்தால் அது 'ஸ்டாண்ட் அலோன்': ஒரு வழக்கு, அன்றே முடிந்துவிடும். நீலமாக இருந்தால் 'காம்ப்ளெக்ஸ்': 'லாஃபிங் மேன்' என்ற ஹேக்கரைப் பற்றிய பெரிய கதையின் ஒரு துண்டு. முதல் சீசனில் 4, 5, 6, 9, 11, பிறகு 20 முதல் 26 வரை நீலம். மற்றவை பச்சை.

நீல எபிசோடுகளுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களின் பெயர்கள், அதிகாரிகள், தேதிகள் என்று சடசடவென்று வரும்; இடையில் பச்சை எபிசோடுகள் புகுவதால் மறந்துபோகும். முதல் வரியாக இதை எழுதுங்கள்: 2024 பிப்ரவரி, நேரலைச் செய்தி. செரனோ ஜினோமிக்ஸ் நிறுவனத் தலைவரின் முன் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நிற்கிறான். கேமராக்களில் மட்டுமல்ல, அங்கிருந்தவர்களின் மின்மூளைக் கண்களிலும் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிரிக்கும் சின்னம்தான் தெரிகிறது. அத்தனை பேர் பார்த்த குற்றவாளிக்கு முகம் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து செக்‌ஷன் 9 தொடுவது இந்த வழக்கைத்தான்.

படி 4: பச்சையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

நீலத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இந்த உலகத்தின் விதிகளை நாம் கற்பது பச்சையில்தான். இரண்டாவது எபிசோடில் சோதனைக் களத்திலிருந்து ஒரு டாங்கி தப்பி ஓடுகிறது. யார் ஓட்டுகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று தெரியும்போது உடல், மூளை, கோஸ்ட் மூன்றும் பாடம் எடுக்காமலே விளங்கிவிடும்.

தச்சிகோமா என்ற நீல நிறக் குட்டி டாங்கிகளும் பச்சை எபிசோடுகளில்தான் வளர்கின்றன. குழந்தைக் குரலில் கேள்வி கேட்டுக் கேட்டு, மெல்ல ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் வந்துவிடுகிறது. 12, 15 இரண்டையும் விட்டுவிட்டால் 25ஆம் எபிசோடின் பாரம் உங்களுக்கு எட்டாது. முடிவுப் பாடலுக்குப் பின் வரும் தச்சிகோமா குறும்படத்தையும் பாருங்கள்.

படி 5: நான்காவது எபிசோடில் நிதானியுங்கள்

தொகுசாவின் பழைய போலீஸ் நண்பர் ஒருவர் அவரைச் சந்திக்க வரும் வழியில் கார் விபத்தில் இறக்கிறார். அவர் விட்டுச்சென்ற சில புகைப்படங்கள் தொகுசாவின் கைக்கு வருகின்றன. அங்கே பாஸ் செய்து, படம் எடுத்தவர் எங்கே நின்றிருக்க முடியும் என்று நீங்களே யோசியுங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை. காவல்துறையே தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தத் தொடரை நான் இவ்வளவு மதிக்கக் காரணமும் அந்தக் கேள்விதான்.

ஒன்பதாவது எபிசோட் முழுக்க முழுக்க ஒரு சாட் ரூம் விவாதம். தூக்கக் கலக்கத்தில் பார்க்க வேண்டாம்.

படி 6: கடைசி ஏழையும் சேர்த்துப் பாருங்கள்

20 முதல் 26 வரை வாரக்கணக்கில் இழுக்காமல் இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடுங்கள். 25ஐப் பார்க்கும் இரவில் 26க்கும் நேரம் ஒதுக்குங்கள். அடுத்து 2004இல் வந்த இரண்டாம் சீசன் '2வது கிக்' (2nd GIG), அதன் பின் 2006இல் வந்த 'சாலிட் ஸ்டேட் சொசைட்டி' படம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.