மாலத்தீவுப் பள்ளிக்கு ஆசிரியர் எடுக்கிறீர்களா?

மாலத்தீவுப் பள்ளிகளுக்கு இங்கிருந்து ஆசிரியர்களை எடுக்கிறவர்கள் பி.எட். மார்க்கையும் அனுபவச் சான்றிதழையும் பார்த்ததோடு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. நான் நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன், பாதியில் திரும்பி வந்தவர்களிடமும் பேசியிருக்கிறேன். பாடம் தெரியாமல் யாரும் வரவில்லை, தீவில் இருக்க முடியாமல்தான் வந்தார்கள்.

அதனால் முதல் நாளே ஊரைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மக்கள் வாழும் தீவுகள் 180க்கும் மேல். தலைநகர் மாலேயை விட்டால் பல தீவுகளில் ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள், கடல் கொந்தளித்தால் படகு வராது, படகு வராவிட்டால் கடையில் காய்கறி இருக்காது. முஸ்லிம் நாடு, வழிபாட்டுக்கு சாமி சிலை கொண்டுபோக முடியாது. வெள்ளி, சனி விடுமுறை; ஞாயிறு பள்ளி உண்டு. வீட்டுக்காரரோ அம்மாவோ கூட வந்திருந்தால் அவர்களையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் டெமோ கிளாஸ். அங்கே பிள்ளைகளின் தாய்மொழி திவேஹி, பாடம் நடப்பது ஆங்கிலத்தில், அதனால் தமிழில் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது என்று சொல்லிப் பத்து நிமிடம் கொடுங்கள். முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பங்கு பெரிதா என்று ஒருமுறை கேட்டோம். சரளமாக ஆங்கிலம் பேசிய ஒருவர் கடைசிவரை போர்டைப் பார்த்தே பேசினார். அடுத்து வந்த அம்மா தடுமாறித்தான் பேசினார், ஆனால் இரண்டு வெள்ளைத் தாளை எங்கள் கையில் கொடுத்து, ஒன்றை நாலாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடிக்கவைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவரைத்தான் எடுத்தோம்.

மாலை நாலு மணிக்கு மேல் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். சமைப்பேன், தைப்பேன், பிள்ளைகளோடு பந்து விளையாடுவேன் என்கிறவர் இருந்துவிடுவார். யோசித்தே பார்த்திராதவரிடம் இன்னொரு நாள் பேசுங்கள்.

பண விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும், அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் யாராவது கேட்டார்களா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். வீட்டு வாடகை யார் கொடுப்பது, விடுமுறைக்கு விமான டிக்கெட் யார் எடுப்பது என்று எழுதிய ஒப்பந்தம் கைக்கு வரும்வரை இங்கே இருக்கும் வேலையை விடச் சொல்லாதீர்கள்.